ஓய்வு நாள்

விசுவமடுவில் முதல் பஸ் நாலு ஐம்பதுக்கு.
அதைப் பிடித்தால்
கிளிநொச்சியில் ஒரு மணித்தியாலம் எனக்கு.
தவறவிட்டால்
அந்த மணித்தியாலம் எவருக்கும் இல்லை.

பழைய அரிசி ஆலையின் களஞ்சியம்.
தவிட்டு மணம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.
"பெண்களுக்கு ஆறரை வரை" என்று
றெஜினோல்ட் அண்ணை கதவில் எழுதி வைத்திருக்கிறார்.
பெண்கள் என்றால் நானும்,
இரவு டியூட்டி இல்லாத நாள்களில்
நேர்ஸ் நிதர்சனாவும்.

கம்பி இருபது கிலோ.
அது கிடக்கும் விதம் எனக்குப் பிடிக்கும்.
ஒன்றும் கேட்காது.
சமைச்சாச்சா, காசு வந்ததா,
மாமிக்கு மருந்து எடுத்தியா,
ஒன்றும்.
தூக்கினால் வரும். தூக்காவிட்டால் கிடக்கும்.
இவ்வளவு நேர்மையான பொருளை
நான் வேறெங்கும் தொட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே கொப்பிதான்.
டெட்லிஃப்ட் எண்பத்தைந்து, மூன்று தரம்.
அதற்குக் கீழே
சீட்டுக்காசு நாலாயிரம், குடுத்தாச்சு.
அதற்கும் கீழே முட்டை ஏழு:
கடைக்கு நாலு, துளசிகாவுக்கு இரண்டு,
எனக்கு ஒன்று.
"உமக்கு நாளைக்கு நாலு முட்டை வேணும்" எண்டார் அண்ணை.
"கோழியளுக்குச் சொல்லுங்கோ" எண்டன்.

பாரம் தூக்கிறதுக்குக் காசு குடுக்கிறாளாம் என்று
சங்கக்கடையில் சிரித்தார்கள்.
உண்மைதான், இங்கே பாரம் இலவசம்.
ஆவணியில் கிணற்றின் அடி தெரியும்போது
பவுசர் வரும் சந்தியிலிருந்து
கைக்கொரு இருபது லீற்றர் கான்,
நாளுக்கு ஆறு நடை.
அதைக் கொப்பியில் எழுதுவதில்லை.
ஏன் என்று சுகந்தரூபன் கேட்டான்.
"அது நான் கேட்டு எடுத்த பாரமில்லை."
லாண்ட்மாஸ்டரின் பெல்ட்டைத் துடைத்தபடி
கொஞ்ச நேரம் யோசித்தான்.
பிறகு கான்களோடு அவன் போனான்,
அண்டைக்கு மட்டும்.

மாசி இருபத்திரண்டு வவுனியாவில் போட்டி.
அறுபத்து மூன்று கிலோ பிரிவு.
பெயர் குடுத்து, காசு கட்டி,
மாமி காணாமல் அந்த இறுக்கமான உடுப்பையும்
வேலிக்குப் பின்னால் காயப் போட்டிருந்தேன்.
வெட்டு மெசின் பத்து நாள் பிந்தி
இருபதாம் திகதி வந்தது.
பரந்தன் வீதியின் ஒரு கரை முழுக்க எங்கள் நெல்;
மற்றக் கரையால் பஸ்கள் ஊர்ந்து போயின.
அடுத்த நாள் பின்னேரம்
காலம் தப்பிய மழை.

அள்ளிக் கட்டியது முப்பத்தொரு மூட்டை.
மூட்டைக்குப் பிடி இல்லை, நடு இல்லை.
நீ நிமிர்கிறபோதுதான்
உள்ளே நெல் தன் எண்ணத்தை மாற்றும்.
முதுகை நேராய் வை, மூச்சை வயிற்றில் அடை,
எட்டாவது மூட்டை வரை எல்லாம் ஞாபகமிருந்தது.
பிறகு மழை மட்டும்.
பத்தொன்பதாவதில்
இடுப்புக்குள் யாரோ
ஈரச் சேலை பிழிந்தார்கள்.

போட்டி நாள், சீமெந்து நிலத்தில் மல்லாந்து கிடந்தேன்.
ஓட்டில் ஒரு பல்லி இடம் மாறவேயில்லை.
மத்தியானம் நிதர்சனாவின் குரல், போனில்:
"எழுபதில நிண்டிட்டன் அக்கா.
உங்கட பேரை ரண்டு தரம் கூப்பிட்டவை."
சுகந்தரூபன் மூன்று முட்டை அவித்து வந்தான்.
கடைக்குப் போகவேண்டியவை.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றையும் தின்றேன்.

பின்னேரம் கொப்பியைத் திறந்தால்
துளசிகாவின் கோணல் எழுத்து:
அம்மா, மூட்டை, 19.
கோபம் வந்தது.
"இதில அதெல்லாம் எழுதிறேல்ல."
"ஏன்?"
தகப்பனுக்குச் சொன்ன பதிலை எடுத்தேன்.
பாதியில் நின்றது.
நெல்லும் நான் கேட்டு விதைத்ததுதானே.
அழிறப்பரை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

பங்குனி ஒன்பது. நாலு ஐம்பது பஸ்.
தட்டில்லாமல் வெறும் கம்பி,
ஐந்து தரம் என்று அண்ணையின் கட்டளை.
ஒரு கான் தண்ணியளவு பாரம்.
நிதர்சனா பார்த்தாள், சிரிக்கவில்லை.
ஆறரைக்குப் பெடியள் வெளியில் கதவைத் தட்டினார்கள்.
ஆறாவது தரம் தூக்கி
மெல்ல இறக்கி வைத்துவிட்டுப் போய்த்
திறந்தேன்.