வெறும் கம்பி

முதல் நாள் கம்பி மட்டும் போதும் என்றார்கள்.
வெறும் கம்பி நாற்பத்தைந்து பவுண்டு.
என் மகனைக் கடைசியாகத் தூக்கியபோது
அவன் இதைவிடக் குறைவு.
அதுதான் கடைசி என்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

வின்னிபெக். ஜனவரி.
இஞ்சினுக்குச் சூடேற்றும் வயரைப் பிடுங்கிச் சுருட்டி
காலை ஐந்தரைக்கு வண்டியெடுக்கிறவர்கள்
இரண்டே வகை:
கிறுக்கர்கள்,
எலும்பு ஸ்கேன் எடுத்தவர்கள்.
என் ரிப்போர்ட்டில் மைனஸ் ஒன்று புள்ளி ஒன்பது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இரண்டையும் பார்த்து டாக்டர் சொன்னது ஒன்றே:
இன்னும் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம்.
(வானிலையைப் பற்றி அவர் சொல்லவில்லை,
நான் சேர்த்துக்கொண்டேன்.)

சமூகக்கூடத்தின் நிலவறை.
பூட்ஸில் ஒட்டிய தெரு உப்பு வாசலில் உருகுகிறது.
மூன்று பக்கமும் கண்ணாடி.
புடவைக் கடைக்கு வெளியே
இத்தனை நான்களை ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.
ஒருத்திக்குக்கூட
முழங்கால் எந்தப் பக்கம் போக வேண்டுமென்று தெரியவில்லை.

லாரிக் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை.
ரெஜைனாவுக்குப் போகும் உரம் எத்தனை டன்,
தண்டர் பேயிலிருந்து வரும் காகிதம் எத்தனை டன்,
பதினெட்டு வருடமாக எழுதுகிறேன்.
விரல் நுனியில் டன் டன்னாய்.
உள்ளங்கையில் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள்
கழிப்பறையில் உட்காரும்போது
வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டேன்.
எழும்போது
அவன் அண்ணனையும்.

மாரிவிக் இரவு ஷிப்ட் முடிந்து நேரே வருவாள்,
நர்ஸ் உடுப்பின் மேல் ஸ்வெட்டர்.
படுத்தவர்களைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போனவள்,
எனக்கு நாலு நாள் மூத்த மாணவி.
தூக்கத்தை விட்டுவிட்டுத் தூக்க வருகிறோம் என்பதை
அவளுக்கு எப்படி விளக்குவது?
இரண்டு சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றேன்.
தலையாட்டினாள்,
பாதிக் கண் மூடியபடி.

ஆறாவது வாரம்
அறுபத்தைந்து பவுண்டோடு உட்கார்ந்தவள்
எழுந்திருக்கவில்லை.
கம்பி காவல் கட்டையில் விழுந்த சத்தத்தில்
எனக்கே பல் கூசியது.
ஒருவரும் திரும்பவில்லை.
மூலையில் ஒரு பையன் மட்டும்
இயர்போனைச் சரிசெய்துகொண்டான்.
இறங்கியது ஏறாமல் போவது
இங்கே அன்றாடம்போல.
தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.
கொஞ்சம் அழுதும் இருப்பேன்,
வியர்வைக்குள் யார் பிரித்துப் பார்த்தார்கள்.

நோட்டில் எழுதினேன்:
65 – நான்கு. ஐந்தாவது வரவு வைக்கப்படவில்லை.

இரண்டரை பவுண்டுத் தட்டு ஒன்று இருக்கிறது,
அதிரசம் அளவு.
அதைக் கழற்றி, அடுத்த வாரம் மாட்டி,
மறுபடி கழற்றி.
மாரிவிக் தன் மொழியில் எண்ணுகிறாள்:
இசா, தலவா, தத்லோ.
நீ எண்ணு என்கிறாள்.

எங்கள் பக்கம் நெல் அளக்கிறவர்கள்
முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை.
கூச்சமாகத்தான் இருந்தது, சொன்னேன்.
அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துவிட்டது.
நெற்றி வியர்வையைத் துடைத்தபடி
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்,
ப-வை உதட்டில் வெடிக்கவிட்டு.

அடுத்த ஸ்கேன் இரண்டு வருடம் கழித்து.
அதுவரை உள்ளே என்ன நடக்கிறதென்று
எலும்பு வாயைத் திறக்காது.

இன்றைக்கும் அறுபத்தைந்துதான்.
மாரிவிக் பின்னால் நிற்கிறாள்,
தொடாத தூரத்தில் இரண்டு கைகள்.
மூச்சை வயிற்றில் முடிந்துகொண்டு
இறங்குகிறேன்,
கண்ணாடியில் எல்லாரும் இறங்குகிறார்கள்,
ஏறும்போது
அவள்தான் முதலில் சொல்கிறாள்:

லாபம்.