இடதுகரை வாசகம்

இந்த ஞாயிறு வாசிப்பது என் முறை.
ஏழு நாள் சுற்றிவந்த படை, எக்காளம், விழுந்த மதில்.
முத்தையன்கட்டு இடதுகரை, தகரக் கூரையின் கீழ்
பதினோரு பேர், பிள்ளைகளோடு பதினாறு.
மதில் விழும்போது எல்லோரும்
வழக்கம்போல வெளியே நின்று கேட்டார்கள்.
எப்சிபா அக்கா மட்டும்
இரண்டு கையாலும் தலையை மூடிக் குனிந்தாள்.
மாத்தளன் மணலில் குனிந்தது அப்படித்தான்.

சன்னலில் சிவப்புக் கயிறு கட்டிய வீடு தப்பியதாம்.
எங்கள் பக்கம் சிவப்பு நாடா கட்டிய வளவுக்குள்
நாலு வருடம் மாடுகூடப் போகவில்லை.

"அடுத்ததெல்லாம் காணிப் பங்கீடு, எல்லைப் பெயர்கள்.
விட்டுவிடுங்கள், சனத்துக்கு அலுக்கும்" என்றார் போதகர்.
அவர் ஊருக்குப் புதிது.
கல்லில் இருந்து ஓடை வரை,
ஓடையில் இருந்து பாலைமரம் வரை என்று
புதன்கிழமைதோறும் ஒட்டுசுட்டான் கந்தோரில்
நாங்கள் ஒப்புவிப்பது வேறென்ன?

எழுபத்தேழில் லொறியால் இறங்கியபோது
அப்பாவின் கையில் ஒரு கம்பளி, ஒரு கவ்வாத்துக் கத்தி.
பாலும் தேனும் என்று யாரும் சொல்லவில்லை.
தண்ணி இருக்கு என்றார்கள், வந்தோம்.
காடு வெட்டினோம்.
வெட்ட வெட்ட
உடைந்த குளக்கட்டு, சிவந்த ஓட்டுச் சில்லுகள்,
பெயர் தெரியாத சாமிக்கு யாரோ நட்ட கல்.
யாருடையது என்று கேட்க ஆளில்லை.
கேட்டிருப்போமா, தெரியாது.

கிழிந்த செருப்போடும் பூசணம் பிடித்த அப்பத்தோடும்
உடன்படிக்கை கேட்டு வந்த ஒரு கூட்டம்
அதே புத்தகத்தில் வருகிறது.
கொல்லவில்லை அவர்களை.
விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்துக்கொண்டார்கள்.
அந்தப் பக்கத்தின் மூலையை அப்பா மடித்து வைத்திருந்தார்.
கோடு போடவில்லை, எதுவும் எழுதவில்லை.
முதலாளி வயலுக்கு முப்பது வருடம் தண்ணி இறைத்தவர்.
பெர்மிட் முதலாளி பெயரில்.

நான் விடவில்லை. எல்லைகளை வாசித்தேன்,
வாயில் நுழையாத ஊர்களைத் தடக்கித் தடக்கி.
ஒருவரும் அசையவில்லை.
முடிந்ததும் மாசிலாமணி அண்ணன்,
மடியில் காணிக் கோப்போடு, சத்தமாய்க் கேட்டார்:
"முந்தி இருந்த சனங்ககிட்ட பெர்மிட் இருந்துச்சா தங்கச்சி?"
போதகரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்கு உலை வைத்தேன்.
அடுப்பின் மூன்று கல்லில்
ஒன்று மட்டும் செதுக்கியது.
கரியைத் துடைத்தால் முகம் இருக்கும்.
துடைத்ததில்லை.