பதிவில் சேராதது

நாற்பது நிமிடம்.
மாடு, வாளி, குடை, உழவு இயந்திரம்.
அட்டைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வாய் திறக்கவில்லை கி-047.

"வீட்டில ஓயாமல் கதைப்பான், மிஸ்."
நிரோஜினி மூன்றாம் தடவை சொல்கிறாள்.
மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு முதல் பஸ்;
காமன்ட்ஸில் இன்றைக்குச் சம்பள வெட்டு.

றெக்கோடரை நிறுத்தினேன்.
பஸ் காசுக்குக் கையெழுத்து வாங்கினேன்.

வாசலில் குனிந்தவன்
செம்புழுதிச் செருப்பொன்றைத் தூக்கி,
"அம்மா, இது என்ர இல்லை. அவன்ர" என்றான்.

உடைமை. எதிர்மறை. முழு வசனம்.
இருபத்தாறே மாதம்!

விதிப்படி கணக்கில் வராது.
படிவத்தில் பூச்சியம் போட்டேன்.
பற்றுச்சீட்டின் பின்புறம்
அவன் சொன்னபடியே எழுதினேன்.

இனி
கி-046 இன் தாய்க்குப் போன் எடுக்கவேண்டும்,
செருப்புக்கு.