ஊமை எழுத்துக்கான பில்

இருபத்திரண்டு எழுத்து.
எழுத்துக்கு முந்நூறு.
டச்சுக்குடா வீதியில்
ஜவ்பர் ஹாஜியாரின் 'ஐலண்ட் நைட்ஸ் கெஸ்ட் ஹவுஸ்'
ஈரம் காயாமல் பலகையில் நிற்கிறது.
பில்லைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினேழுக்குத்தான் தருவன்.
மற்ற அஞ்சும் வாயைத் திறக்கேல்லையே."

விரல்விட்டு எண்ணிக் காட்டினார்:
ஐலண்டில் எஸ்,
நைட்ஸில் ஜியும் எச்சும்,
கெஸ்டில் யூ,
ஹவுஸின் வாலில் ஒரு ஈ.

ஏணியிலிருந்து இறங்கினேன்.
நான் படித்தது எட்டாம் வகுப்பு.
ஆனால் கடற்படை முகாம் ஏலத்தில்
தின்னர் டப்பாக்களோடு ஒரு தடித்த அகராதியும் வந்தது.
கறையான் அதன் முன்னுரையை மட்டும்
எனக்கென்று விட்டுவைத்திருந்தது.

"ஹாஜியார், ஜியும் எச்சும் ஊமையாய்ப் பிறந்ததுகள் இல்லை.
வடகடல் தாண்டிப் படகுபடகாய் வந்து குடியேறின சனம்
இரவை நிஃட் என்றுதான் சொன்னது,
தொண்டையில் எங்கட ஆய்தம் உரசுகிற மாதிரி.
பிறகு தொண்டைக்குச் சோம்பல் வந்த நேரம் பார்த்து
அச்சுக்காரன் அதை ஈயத்தில் வார்த்துவிட்டான்.
சத்தம் போயிற்று. ஈயம் போகவில்லை.
நாங்கள் மட்டும் ஆய்தத்தை என்ன செய்தோம்?
ஃபேனுக்கும் ஃபோனுக்கும் கூலிக்கு விட்டிருக்கிறோம்."

"யூ?"

"கெஸ்ட் என்ற சொல்லே விருந்தாளிதான்.
குடியிருந்தவர்கள் யெஸ்ட் என்றார்கள், மெதுவாக.
கொள்ளைக்கு வந்த வடநாட்டான் கெ என்று கடித்தான்.
கொள்ளைக்காரன் தங்கிவிட்டான், அவன் பல்லும் தங்கிவிட்டது.
அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரன் வென்று
எழுதுகோலைக் கையில் எடுத்தான்.
ஜி வழுக்கிவிடாமல் இருக்க யூவை முண்டு கொடுத்தான்.
அது பேசாது, தாங்கும்.
உங்கட விறாந்தைத் தூண் பேசுதா?"

சிரிக்கவில்லை.
"அப்ப எஸ்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.
அது ஒருநாளும் ஒலித்ததில்லை.
தீவுக்கு லத்தீனில் வேறொரு சொல் உண்டு.
படித்த சிலர் இரண்டும் சொந்தமென்று நம்பி
நடுவில் ஒரு எஸ்ஸைச் செருகினார்கள்.
நானூறு வருடத்துக்கு மேலாய் யாரும் பிடுங்காத பிழை.
நான் நல்ல எனாமலில், இரண்டு பூச்சு,
அதே பிழையை எழுதியிருக்கிறேன்.

"அதுக்குக் காசு வேண்டாம்."

அவர் பலகையின் அடியைக் காட்டினார்,
சும்மா எழுதிக் கொடுத்த ஊர்ப்பெயரை.
"இங்க பாருங்க. திருவைக் கசக்கி,
கோணத்தை ஒடிச்சு,
மலையின்ட வாலில ரெண்டு ஈயை ஒட்டிப்போட்டுப் போயிருக்கான்.
அவன் தின்ட சத்தத்துக்கு
நாங்க பில் போட்டமா?"

என்னிடம் பதில் இல்லை.
கந்தோர் என்றால் ஒல்லாந்தன் விட்டுப்போன சொல்.
அவர் சாய்ந்திருந்த அலுமாரி
போர்த்துக்கீசன் விட்டுப்போனது.
அவைகளுக்கும் நாங்கள் காசு கட்டவில்லை.

கடைசியில் ஹவுஸின் ஈயைத் தொட்டேன்.
விரலில் நீலம் ஒட்டியது.
"இதுக்குத் தமிழில என்ன, ஹாஜியார்?"
"இலையான்."
"இன்னொன்று இருக்கு."
யோசித்தார்.
"கொடு," என்றேன்.

அப்போதுதான் சிரித்தார்.
ஆறாயிரத்து முந்நூறு,
எச்சில் தொட்டு எண்ணினார்.

வெளியே, கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
காற்று பறித்துப்போன பில்லை மென்றுகொண்டிருந்தது.
முன்னுரையில் இதுவும் இருந்தது:
டியர் என்றால் முன்பு எல்லா விலங்கும்தான்,
ஓநாய், நரி, கரடி.
சுருங்கிச் சுருங்கி
இந்தப் புள்ளித்தோலுக்குள் வந்து நின்றுவிட்டது.

ச்சூ, என்றேன்.
காதை மட்டும் அசைத்தது.
ச்சூ.
வெள்ளைக்காரனும் இப்படித்தான் விரட்டுவானாம்.
யார் யாரிடம் வாங்கியதோ,
பில் இல்லை.