மேல்தட்டு

மல்லாவி ஆஸ்பத்திரிக் குவாட்டஸில்
எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பிரிட்ஜ்.
பாதிக் காசு கௌரி அக்கா, பாதி நான்.
வாங்கிய அன்றே
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து வந்து
நடுத்தட்டு விளிம்பில்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒட்டினா.
மேலே தயிர், வாழைப்பூ, விரதத்துக்கு வைத்த பால்.
கீழே நான்.

"கோவிக்காதையும், எனக்கு மச்ச மணம் ஒத்துவராது."
கோவிக்கவில்லை.
கள்ளப்பாட்டிலிருந்து அம்மா தந்துவிட்ட நெத்தலிக் கருவாட்டை
வெளியே முருங்கையில் கட்டித் தொங்கவிட்டேன்.
மூன்றாம் நாள் பூனை கொண்டுபோனது.
அன்றைக்குத்தான் கோவித்தேன்,
பூனையை.

ஒருநாள் கைதவறி
அவவின் அகப்பையால் என் மீன்குழம்பைக் கிண்டிவிட்டேன்.
ஏச்சுப் பேச்சு ஒன்றுமில்லை.
அகப்பையைக் கொண்டுபோய்
வேலியோரம் குத்திவிட்டு வந்தா.
இன்னும் நிற்கிறது,
முளைக்க மனமில்லாத பயிர்போல.
"கரையில பிறந்தனீர், உமக்கு இது விளங்காது."
எது என்று கேட்கவில்லை.
இரவு முழுக்க
எது எது என்று புரண்டு படுத்தேன்.

வவுனிக்குளம் வான் பாய்ந்த கிழமை,
கிளிநொச்சிக்கு அம்புலன்ஸ் போகமுடியாத இரவில்
கால் முன்னுக்கு வந்தது ஒரு பிள்ளை.
விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் நடுங்கினேன்.
அக்காவின் கை நடுங்கவில்லை.
விடியும்போது
முழங்கை வரை இரத்தத்தோடு
சுவரில் சாய்ந்து பிளேன்ரீ குடித்தா.
இந்த மணம் மட்டும் எப்படி ஒத்துவந்தது?
நாக்கு நுனிவரை வந்ததை
என் தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

ஒன்பதாம் நாள்
ஐயன்கன்குளத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தான்
பிள்ளையின் தகப்பன் துரைச்சந்திரன்.
கரியரில் தேக்கம் இலைப் பொட்டலம்,
வாழைநாரால் சுற்றிக் கட்டி,
ஓரத்தால் ஊறிச் சிவந்து.
"கச்சானுக்கை வந்த பண்டி மிஸ்ஸி.
தொடைப் பக்கம்.
உங்களுக்கெண்டே எடுத்து வச்சனான்."

கதவு நிலையில் நின்றேன்.
உண்மையைச் சொன்னால்
அவவின் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் நின்றேன்.

இரண்டு கையாலும் வாங்கினா.
அன்றைக்குப் பிள்ளையை ஏந்திய அதே ஏந்தல்.
"நிறை எவ்வளவு?"
"ரெண்டு கிலோ வரும் மிஸ்ஸி."
"நான் பிள்ளையைக் கேட்டனான்."

அவன் போனபின் பிரிட்ஜைத் திறந்தா.
என் தட்டில் இடமில்லை.
அரைவாசிச் சூரை, ஒரு தலை, நேற்றைய கறி.
கொஞ்சநேரம் குளிருக்குள் பார்த்துக்கொண்டு நின்றா.
பிறகு மேலே வைத்தா,
தயிருக்குப் பக்கத்தில்.

"சமைச்சு விடும். வீணாக்கக் கூடாது.
மணக்காமல் சமைக்க ஏலுமே?"
"பண்டியை எப்படி அக்கா மணக்காமல் சமைக்கிறது?"
"அப்ப ஜன்னலைத் திறவும்."

வறுத்த தூள் போட்டு, உள்ளி தட்டிப் போட்டு
நான் பிரட்டிக்கொண்டிருக்க
பூசணிக்காய்ச் சோற்றுக் கோப்பையோடு
வெளிப்படியில் போய் இருந்தா.
தூவானம் அடித்தது. உள்ளே வரவில்லை.
நானும் கூப்பிடவில்லை.

அடுத்த மாதக் கிளினிக்கில் அவன் வந்தான்.
"இறைச்சி எப்பிடி மிஸ்ஸி?"
தராசு முள்ளிலிருந்து கண்ணெடுக்காமல்
பொய்யே சொல்லத் தெரியாத கௌரி அக்கா சொன்னா:
"நல்லம். உப்புத்தான் ஒரு சொட்டுக் கூடிப்போச்சு."
அவனுக்குச் சிரிப்பு.
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.
உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்த மேல்தட்டை
மஞ்சளும் தேசிக்காயும் போட்டு
மூன்று நாள் கழுவினா.
ஈரத்தில் பழைய பிளாஸ்டர் கழன்று தொங்கியது.
புதுசு ஒன்று வெட்டிக்கொண்டு வந்து
என்னைக் கூப்பிட்டா:
"அந்த முனையைக் கொஞ்சம் பிடியும்."

பிடித்தேன்.
இந்தமுறை கோடு நேராக வந்தது.