மூன்றாவது டம்ளர்

ராணிப்பேட்டைத் தோல் ஆலையில் எனக்கு
ஸ்பிளிட்டிங் மெஷின்.
நீலம் பாய்ந்த ஈரத்தோலை உள்ளே கொடுத்தால்
இரண்டாகி வெளியே வரும்.
மேலது ஷூவுக்கு, கீழது கையுறைக்கு.
பதினாறு வருஷமாய்ப் பிரிக்கிறேன்.
அடுக்குவது இதுதான் முதல் தடவை.

செய்முறை சொன்னவன் கூட வேலை பார்க்கும் முனீர்.
லாட் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான்:
பிஸ்கட் பொடி, சாக்லேட், கிரீம், செர்ரி,
திரும்பவும் மொதல்லேர்ந்து.
"அடுப்பே வாணாண்ணா, கொழந்த கூட செய்யும்."
குழந்தைக்குத்தான்டா செய்கிறேன் என்றேன்.

முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு,
காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை
ருதன்யா என்னிடம்.
கோர்ட்டுத் தாளில் அப்படித்தான் இருக்கிறது.
பகல் சாப்பாடு பற்றி அதில் ஒன்றும் இல்லை.

செர்ரிக்கு பேக்கரியில் கேட்டேன்.
சின்ன டப்பாவை எடுத்து நீட்டியவர்
என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தி,
"செர்ரின்னு பேரு தான் சார்.
களாக்கா. சாயம் போட்டு, பாகுல ஊறிக்கினு கீது."
மலையடிவாரத்து முள்செடி
சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு
முப்பது ரூபாய் ஆகியிருந்தது.

சாக்லேட்டை உருக்க வேண்டுமாம்.
தட்டில் வைத்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.
மே மாதம், சத்துவாச்சாரி, பத்தரை மணி.
ஒரு பீடி நேரம் கூட ஆகவில்லை,
காக்கா கிட்டே வருவதற்குள் தட்டில் குளம்.
இந்த வெயிலை எத்தனை வருஷம் திட்டியிருப்பேன்!
அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பிஸ்கட்டைக் கவரோடு துணியில் சுற்றி
சப்பாத்திக் கட்டையால் அவள் அடித்தாள்.
ரொம்ப அடித்தாள்.
போதும்மா என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் கண்ணாடிக் கிண்ணம் கிடையாது.
டீக்கடை டம்ளர்தான்.
பொடி, சாக்லேட், வெள்ளை,
பொடி, சாக்லேட், வெள்ளை,
மேலே களாக்காய்.
முனீர் சொன்ன அளவு
இரண்டு பேருக்கு அதிகம், நாலு பேருக்குக் குறைவு.
மூன்று டம்ளர் ஆனது.
மூன்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தோம்.
கதவைச் சாத்தினேன், கரண்ட் போனது.

காத்திருந்தோம்.
இரண்டு தாயம் ஆட்டம்; இரண்டிலும் அவள்.
அவளுக்குப் புதிதாய் ஒரு கடைவாய்ப்பல்.
மூன்று மணிக்குத் திறந்து பார்த்தால்
கோடுகள் எல்லாம் இடம் மாறிக்கிடந்தன.
பழுப்பு வெள்ளைக்குள் இறங்கி,
வெள்ளை பொடிக்குள் வழிந்து,
செர்ரியைக் காணோம்.

"கெட்டுப்போச்சு" என்றேன்.
அவள் ஸ்பூனை நேராக அடிவரை விட்டாள்,
கிணற்றில் வாளி விடுவதுபோல.
"எல்லாம் ஒரே வாயில வருதுப்பா."
நடுவில் எங்கேயோ அந்தச் சிவப்பு தட்டுப்பட்டது.
"இது செர்ரியா?"
"களாக்காய்."
"அப்புறம் ஏன் செர்ரின்னு சொல்றாங்க?"
பதில் சொல்ல வாயெடுத்தேன்.
கரண்ட் வந்தது.
ஃபேன் சத்தத்தில் தப்பித்தேன்.

ஐந்து மணி, கிரீன் சர்க்கிள்.
பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும் ஓரத்தில்
ஸ்கூட்டரை நிறுத்தாமல் நிறுத்தி அவள் அம்மா.
மூன்றாவது டம்ளர்
தினத்தந்தியில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு
ருதன்யா கையில்.
எடுத்து வரச் சொன்னது நானில்லை.
வேண்டாம் என்று சொன்னதும் நானில்லை.
"என்ன அது, ஒழுகுது?"
"அடுக்கும்மா."
வண்டி காட்பாடிப் பக்கம் போய்விட்டது.
தார் மேல் மூன்று பழுப்புச் சொட்டு
காய்வதற்குள் ஒரு லாரி ஏறியது.

அடுத்த முறை டம்ளர் திரும்பி வந்தது.
கழுவி, துடைத்து, துணிப்பையில்.
ஆனால் அது என் டம்ளர் இல்லை.
என்னுடையது வழவழப்பு,
இதில் வரிவரியாய்க் கோடு;
உயரம் மட்டும் அதேதான்.
உடைந்ததா, மாறியதா, கேட்கவில்லை.
மற்ற இரண்டோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது டீ அதில்தான் குடிக்கிறேன்.
சூடு
கொஞ்சம் மெதுவாகக் கைக்கு வருகிறது.