முதுகு காட்டி

முதுகு காட்டியவருக்குக் களத்தில் மரியாதை இல்லை.
எங்கள் ஆட்டத்திலோ
முதுகு காட்டாமல் ஒருவரும் வென்றதில்லை.

ஃபாரோ தீவுகள், ஜூலைக் கடைசி, தூறல்.
தோர்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில் பெண்கள் படகுப் பந்தயம்.
வாரம் முழுக்க ஆலையில் காட் மீன் அறுத்த
ஆறு ஜோடிக் கைகள் நாங்கள்.
நடுப் பலகையில் நான்.
எதிரே பியார்த்தாவின் நனைந்த முதுகு,
அவள் தோளுக்கு மேலே
பின்னணியத்தில் சுக்கான் பிடித்த ரன்வோவின் முகம்.
இறுதிக்கோடு அவள் கண்ணில் மட்டும் இருக்கிறது.
எங்களுக்குத் தெரிவதெல்லாம்
விட்டு வந்த தண்ணீர்.

முந்தின ஞாயிறு ஆராதனையில்
பவுலைப் பற்றிப் பேசினார்கள்.
பின்னால் கிடப்பதை மறந்தாராம்,
முன்னால் இருப்பதற்கே ஓடினாராம்.
ஓட்டக்காரருக்குச் சரி, என்று முணுமுணுத்தேன்.
துடுப்புக்காரிக்கு
பின்னால் கிடப்பதுதானே கண்ணெதிரே கிடக்கிறது:
நான் குடித்துத் தொலைத்த இரண்டு குளிர்காலங்கள்,
ஆல்போர்க்கில் என் அழைப்பை எடுக்காத மகன்.

"இன்னும் இருபது!" கத்தினாள் ரன்வோ.
இருபது இழுத்தோம்.
"இன்னும் இருபது!"
இழுத்தோம்.
மூன்றாம் முறையும் அதே இருபது வந்தபோது
பொய் சொல்கிறாள் என்று பட்டது.
திரும்பிப் பார்த்தேன்.

ஒரு வீச்சு நேரம்தான்.
மிதவை, கொடி, புல் முளைத்த கூரைகள்,
குடைகளுக்குக் கீழே ஊர் மொத்தமும்,
எல்லாம் தெரிந்தது.
என் துடுப்பு பக்கத்துத் துடுப்பில் இடித்தது.
அரைப் படகு நீளத்தில் தோற்றோம்.

லோத்தின் மனைவி பின்னால் திரும்பி உப்பானாள்.
நான் முன்னால் திரும்பினவள்.
எனக்கும் இமையில், உதட்டில், கழுத்து மடிப்பில்
உப்பு.

ஒருத்தியும் ஏசவில்லை.
பியார்த்தா தெர்மாஸைத் திறந்து
முதல் மூடிக் காபியை என்னிடம் நீட்டினாள்.
அதுதான் சுட்டது.

"ஏன் எப்போதும் இருபது?"
ரன்வோ சுக்கானைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"அறுபது என்றால் இழுத்திருப்பாயா?"
அன்றைக்குள்ள அப்பம் என்றுதான்
நானும் தினமும் கேட்கிறேன்.
மாவு மூட்டையை யாரும் இறக்கி வைத்ததில்லை.

அன்றிரவு தூக்கமில்லை, இருட்டும் இல்லை.
கலிலேயாக் கடலை நினைத்துக்கொண்டிருந்தேன்.
எதிர்காற்றில் தண்டு வலித்தவர்களும்
போக வேண்டிய கரைக்கு முதுகு காட்டித்தானே
உட்கார்ந்திருப்பார்கள்?
நான்காம் ஜாமத்தில் அவர் நடந்து வந்தது
அவர்கள் விட்டு வந்த கரையிலிருந்து.
போகும் திசையையே பார்த்திருந்தால்
கண்டிருக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி.
நடுப் பலகையை எனக்கே விட்டிருந்தார்கள்.
"இன்னும் இருபது" என்கிறாள் ரன்வோ.
சரி.
பின்னால் விரிகிற தண்ணீரைப் பார்த்தபடி இழுக்கிறேன்,
அதன் மேல்
யாராவது வருகிறார்களா என்று.